பாரசீக ரைஸ் குக்கர்: கஞ்சி வடிக்கிற கை இருந்தால் வாங்கலாம்

மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடிப் பக்கம் துபாயிலோ ஷார்ஜாவிலோ ஆள் இருக்கிற வீடுகளுக்குப் பெட்டியோடு வந்து சேர்கிற சாமான்களில் இந்தக் குக்கரும் ஒன்று. பார்வைக்குச் சாதாரண மின்சார ரைஸ் குக்கர் மாதிரியே இருக்கும். ஆனால் மேலும் கீழும் தட்டுகிற பொத்தான் இருக்காது. அந்த இடத்தில் ஒரு திருகு குமிழ். சிலவற்றில் குமிழைச் சுற்றி நிமிடக் கணக்கு போட்டிருக்கும். சிலவற்றில் இளஞ்சிவப்பு, நடுத்தரம், கருஞ்சிவப்பு என்பதுபோல நிறக் குறி இருக்கும். உள்பாத்திரம் ஒட்டாத பூச்சு போட்டது, அடி தட்டை, ஓரம் நேராக ஏறும். சோறு வெந்ததும் அப்படியே தாம்பாளத்தில் கவிழ்த்தால் கேக் மாதிரி ஒரே வட்டமாக, மேலே பொன்னிறப் பொருக்கோடு விழ வேண்டும். அதற்காகவே செய்த சாமான் இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டில் இன்றைக்கும் சோற்றைக் கஞ்சி வடித்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் இந்தக் குக்கர் உங்களுக்குக் காசுக்கேற்ற பொருள். பிரஷர் குக்கரில் விசில் எண்ணிப் பழகிய கைக்கு இது ஏமாற்றம்தான் தரும். காரணம், பாரசீகச் சோற்றில் பாதி வேலை குக்கருக்கு வெளியே நடக்கிறது. அந்தப் பாதியை எந்தக் கருவியும் செய்து தராது.

பாரசீகம் என்கிற ஈரானில் இந்தச் சோற்றுக்கு 'செலோ' என்று பெயர். அரிசியை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டு, வடித்து, பிறகு நெய்யோ எண்ணெயோ விட்ட பாத்திரத்தில் குவித்து ஆவியிலே தம் போடுவது. காய், பருப்பு, இறைச்சி, கீரை என்று எதையாவது இடையில் அடுக்கினால் அது 'போலோ'. வடிக்காமல் அளவுத் தண்ணீர் வைத்து வற்ற விடுவது 'கத்தே'. காஸ்பியன் கடலோரத்தில் கீலான், மாசாந்தரான் பக்கத்து வீட்டுச் சாப்பாடு. அடியில் பிடிக்கிற பொருக்குக்கு 'தஹ்தீக்' என்று பெயர். 'தஹ்' என்றால் அடி, 'தீக்' என்றால் பானை.

நம் ஊரில் அடியில் பிடித்த சோற்றைக் காந்தல் என்போம். காந்தல் வேறு, பொருக்கு வேறு. காந்தல் என்பது தண்ணீர் வற்றி, எண்ணெய் இல்லாமல் அரிசி நேரடியாகப் பாத்திரத்தில் ஒட்டித் தீய்ந்தது. கசக்கும், சட்டிச் சோறு முழுக்க அதன் வாடை ஏறும். பொருக்கு என்பது எண்ணெய்ப் படலத்தின் மேல் மெதுவாக முறுகியது. தானாகக் கழன்று வரும், கடித்தால் முறுக்கு மாதிரி உடையும். இந்தக் குக்கரைப் பற்றிய கேள்வி எல்லாம் இந்த ஒன்றில் அடங்கும்: பொருக்கு, காந்தல் ஆகாமல் எவ்வளவு நம்பிக்கையாக வருகிறது?

சாதாரண ரைஸ் குக்கரில் இது வராததற்குக் காரணம் உண்டு. அதன் நடுவில் ஒரு காந்தம் இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றி, சூடு அதைச் சற்றுத் தாண்டியதுமே காந்தம் பிடிவிட்டு விசை விழுந்துவிடும். அரிசி பொன்னிறமாக வறுபட 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் அதன் பொத்தானைக் கரண்டிவைத்து அமுக்கிப் பிடித்தாலும் நாலு இடம் வெள்ளையும் ஓரிடம் கருப்புமாக வருகிறது. பாரசீக குக்கரில் தண்ணீர் வற்றிய பிறகும் அடி மெதுவாகச் சூடேறிக்கொண்டே போகும். எவ்வளவு நேரம், எந்த அளவு என்பதைக் குமிழ் தீர்மானிக்கும். சூடு அடி முழுக்கச் சமமாகப் பரவுகிறது. கேஸ் அடுப்பில் தீ வளையமாக எரிவதால் பொருக்கும் வளையமாகச் சிவந்து நடு வெளுத்திருக்கும். குக்கரில் அந்தக் குறை இல்லை. இதுதான் இதன் பெரிய பலம்.

பலவீனம் நம் ஊர் மின்சாரத்தோடு சேர்ந்தது. கம்பிச் சுருள் தருகிற சூடு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் சாயங்காலம் 190 வந்தால், சூடு ஆறில் ஒரு பங்கு குறைவதில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பகலில் 60 நிமிடத்தில் சிவந்த பொருக்கு ராத்திரி அதே 60 நிமிடத்தில் வெளுத்துப்போய், தாம்பாளத்தில் கவிழ்த்ததும் இரண்டாகப் பிளந்து விழுவதற்குக் காரணம் இதுவே. வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் மதியச் சமையலுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி என்றால் 15 முதல் 20 நிமிடம் கூட்டுங்கள். இன்னொன்று, சுருள்வில் வைத்த குமிழாக இருந்தால் மின்சாரம் போனாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் திரும்பி வந்ததும் போன நேரத்தைத் திருகிக் கூட்ட வேண்டும்.

இனி அரிசி. இதில் தவறினால் குக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

ஈரானியர் தங்கள் ஊரில் ஹாஷெமி, தாரோம், தொம்சியா என்ற அரிசிகளைக் கொண்டாடுவார்கள். அவை இங்கே கடையில் கிடையாது. அதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. இந்திய பாஸ்மதியை மிக அதிகமாக வாங்குகிற நாடுகளில் ஈரானும் ஒன்று. நீளம் கூடிய 1121 ரகப் பழைய பச்சை பாஸ்மதி இந்தச் சோற்றுக்கு நன்றாகவே பொருந்தும். 'செல்லா' என்று எழுதிய பை புழுங்கல் பாஸ்மதி. உடையாது, புதுக் கைக்கு ஏற்றது, ஆனால் 2 மணி நேரம் ஊறி 10 முதல் 12 நிமிடம் கொதிக்க வேண்டும், பொருக்கும் கொஞ்சம் கல்மாதிரி ஆகும். பிரியாணிக்கு வாங்கி வைத்த சீரகச் சம்பாவில் செலோ வராது. மணி குட்டை, மலர்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டும். வாசனை மட்டும் அருமையாக இருக்கும்.

அம்பை 16 பச்சரிசி? வடித்துச் செய்கிற செலோவுக்கு வேண்டாம். கத்தேக்கு வையுங்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்து ரகம், குட்டை மணி, தடித்தது. ஒரு கப் அரிசிக்கு ஒன்றே முக்கால் கப் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, 2 மேசைக்கரண்டி நெய் விட்டு நேரடியாகக் குக்கரில் போட்டு 70 நிமிடம் வைத்தால், கத்தியால் வெட்டித் துண்டாக எடுக்கிற பதத்தில் இறுகி வரும். கத்தே அப்படித்தான் இருக்க வேண்டும். வடிக்கிற வேலை பிடிக்காதவர்களுக்குக் குக்கர் தருகிற ஆறுதல் இந்த ஒன்று.

செலோவுக்குக் கணக்கு: 4 கப் குக்கருக்கு 400 கிராம் பாஸ்மதி. குறைத்தால் பொருக்கு வரும், ஆவி நிற்காமல் மேல்சோறு காயும். கூட்டினால் மூடியில் இடித்து மேல்பகுதி நசுங்கும். அரிசியை அகலப் பாத்திரத்தில் போட்டு விரல் நுனியால் அலசுங்கள், பிசையக் கூடாது. தண்ணீர் தெளிகிறவரை ஐந்தாறு முறை. மாவுச்சத்து வெளியே போனால்தான் மணி மணியாக நிற்கும். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி கல் உப்புப் போட்டு 1 மணி நேரம் ஊறட்டும். ஊறியபின் ஒரு மணியை நகத்தால் கிள்ளினால் சுண்ணாம்புக் கட்டி மாதிரிப் பொடிய வேண்டும். அதுவரை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

உலைக்கு 2.5 லிட்டர் தண்ணீர், 40 கிராம் உப்பு. இவ்வளவு உப்பா என்று கை தயங்கும். வடிக்கும்போது பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடும். அரிசி உறிஞ்சுவது கொஞ்சம்தான். சோறு வெந்தபின் மேலே தூவுகிற உப்பு மணிக்குள்ளே ஏறாது. தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கு இந்தக் கணக்கு. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் 25 கிராமோடு நிறுத்துங்கள்.

உலை தளதளவென்று கொதிக்கும்போது, ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு அரிசியைப் போடுங்கள். கொதி ஒரு நிமிடம் அடங்கி மறுபடி எழும். எழுந்த நொடியிலிருந்து எண்ணுங்கள். அடியிலிருந்து ஒரே ஒரு தடவை அகப்பையால் தூக்கிவிடுங்கள், அதற்குமேல் கிளறினால் மணி உடையும். 5 நிமிடத்தில் முதல் மணியை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அமுக்கினால் ஓரம் மசிந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி மூன்றாக உடைந்து நிற்கும். அதுதான் பதம். புள்ளி ஒரே கோடாகத் தடித்திருந்தால் இன்னும் 1 நிமிடம். புள்ளியே இல்லை என்றால் பதம் தப்பிவிட்டது. அதைச் சாப்பாட்டுச் சோறாக வடித்துவிட்டு வேறு அரிசி போடுவதே நல்லது. பெரும்பாலும் 6 முதல் 7 நிமிடத்தில் இது வந்துவிடும். அரிசி புதிதானால் 4 நிமிடத்திலேயே வரும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள்.

வடித்தல் நம் வீட்டு முறையிலிருந்து இங்கே ஓர் இடத்தில் மாறுகிறது. நாம் பானையில் மூடி போட்டுச் சாய்த்து, கஞ்சி சொட்டச் சொட்ட விட்டுவிடுவோம். அந்த நேரத்தில் சோறு தன் சூட்டிலேயே முழு வேக்காடு ஆகிவிடும். இதற்கு அது ஆகாது. அகலமான வடிதட்டில் ஒரேயடியாகக் கொட்டி, உடனே ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றுங்கள். வேக்காடு அங்கேயே நிற்கும், ஒட்டியிருக்கிற கஞ்சியும் கழுவிப் போகும். தண்ணீர் சொட்டுவது நிற்க 3 நிமிடம் காத்திருங்கள். ஈரம் அதிகமாகக் குக்கருக்குள் போனால் அந்தத் தண்ணீர் வற்றும்வரை அடி 100 டிகிரியிலேயே நிற்கும். பொருக்குக்கு வைத்த நேரம் அதில் கரைந்துபோகும்.

குங்குமப்பூ அதிகம் வேண்டாம். கால் தேக்கரண்டிக்கும் குறைவான இழையை ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு சிறு உரலில் பொடித்து, 3 மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு மூடி 15 நிமிடம் வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வாசனை பறந்துவிடும். இழையாகவே போட்டால் பாதி நிறம்தான் இறங்கும். வாங்கும்போது இரண்டு இழையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்லது மெதுவாக மஞ்சளை விடும், இழை சிவப்பாகவே இருக்கும். சாயம் தோய்த்தது உடனே சிவப்பாகக் கரைந்து, இழை வெளுத்துவிடும். மஞ்சள் தூளைப் பதிலாகப் போடாதீர்கள். நிறம் ஒத்துப்போகும், ருசி புளியோதரைப் பக்கம் போய்விடும்.

அடிப்பொருக்குக்கு மூன்று வழி இருக்கிறது. வெறும் சோற்றுப் பொருக்கு: 3 மேசைக்கரண்டி எண்ணெய், 1 மேசைக்கரண்டி குங்குமப்பூத் தண்ணீர், 1 மேசைக்கரண்டி வெறும் தண்ணீர் மூன்றையும் கலந்து அடியில் விட்டு, மேலே சோறு. மெல்லியதாக, கண்ணாடி மாதிரி வரும். தயிர்ப் பொருக்கு: கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டி, ஒரு மஞ்சள் கரு, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, குங்குமப்பூத் தண்ணீர் 1 மேசைக்கரண்டி கலந்து, அதில் ஒரு கப் வடித்த அரிசியைப் பிரட்டி அடியில் அமுக்கிப் பரப்புவது. தடித்து, கேக் போல நிற்கும். கவிழ்க்கும்போது உடையவே உடையாது. முதல் தடவை செய்கிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள். தயிர் புளித்ததாக இருக்கக் கூடாது, தண்ணீர் விட்டதாகவும் இருக்கக் கூடாது. இரண்டுமே பொருக்கைப் பாத்திரத்தில் ஒட்டவைக்கும். மூன்றாவது உருளைக்கிழங்கு: அரை சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, துணியால் ஈரம் ஒற்றி, எண்ணெய் மேல் நெருக்கமாக அடுக்கி உப்புத் தூவுவது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதற்குத்தான் அடிதடி நடக்கும். ஈரானில் லவாஷ் என்ற மெல்லிய ரொட்டியையும் அடியில் விரிப்பார்கள். அதற்கு இங்கே மெல்லியதாகத் தேய்த்த, பாதி சுட்ட சப்பாத்தி போதும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், செக்குக் கடலை எண்ணெய் மூன்றும் வாசனையால் குங்குமப்பூவை அமுக்கிவிடும். சூரியகாந்தி எண்ணெயும் நெய்யும் பாதிக்குப் பாதி போடுங்கள். வெண்ணெயைத் தனியாகப் போட்டால் அதில் உள்ள பால் கசடு முதலில் கருகிக் கருப்புப் புள்ளி விழும்.

இனி அடுக்குதல். அடிப்பொருக்குக் கலவைக்கு மேலே அரிசியை அகப்பையால் தூவித் தூவிக் கோபுரமாகக் குவியுங்கள். பாத்திரத்தின் ஓரத்தைத் தொடாமல் நடுவில் உயர்ந்து நிற்க வேண்டும். அமுக்கக் கூடாது. கரண்டிக் காம்பால் ஐந்தாறு இடத்தில் குழி போடுங்கள்; அடிப்பொருக்கைக் குத்தாமல் அதற்கு மேல் நிறுத்துங்கள். ஆவி அந்தக் குழி வழியாக ஏறித்தான் மேல்சோறு வேகும். 2 மேசைக்கரண்டி உருக்கிய நெய்யோடு 3 மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து மேலே சுற்றி விடுங்கள். மூடியைப் பருத்தித் துண்டால் இறுக்கிச் சுற்றி, நுனிகளை மேலே முடிந்து வையுங்கள். 'தம்கொனி' என்று அவர்கள் இதற்கென்றே தைத்து வைத்திருப்பார்கள். இந்தத் துணியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் மூடியில் கோத்த நீர் சொட்டுச் சொட்டாகச் சோற்றில் விழுந்து மேல்பகுதி கூழாகும். துணி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குக்கர் புத்தகம் துணி வேண்டாம் என்று சொன்னாலும் போடுங்கள். நுனி மட்டும் கீழே தொங்கிச் சூட்டுத் தட்டில் படக் கூடாது.

குமிழை எங்கே நிறுத்துவது? 4 கப் குக்கரில், மின்னழுத்தம் சரியாக இருந்தால், வெறும் சோற்றுப் பொருக்குக்கு 60 நிமிடம், தயிர்ப் பொருக்குக்கு 70, உருளைக்கிழங்குக்கு 75 என்று தொடங்குங்கள். நிறக் குறி போட்டதில் நடுத்தரம். இது தொடக்கம்தான், ஒவ்வொரு குக்கருக்கும் ஒரு குணம் உண்டு, மூன்றாவது சமையலில் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். முதல் கால் மணி நேரத்தில் சத்தம் ஒன்றும் வராது. பிறகு 'சிர்ர்' என்ற மெல்லிய ஓசை தொடங்கும். அது தண்ணீர் எண்ணெயில் வற்றுகிற சத்தம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஓசை அடங்கி, வறுத்த அரிசி மணம் வரும். பொரி வறுக்கிற இடத்தில் வருமே, அந்த மணம். அது வந்தபின் 5 நிமிடத்துக்குமேல் விட்டால் காந்தல்.

கவிழ்ப்பதற்கு முன் உள்பாத்திரத்தை வெளியே எடுத்து, ஈரத்துணி விரித்த மேடையில் 2 நிமிடம் வையுங்கள். அடி திடீரென்று குளிர்ந்து பொருக்கு கழன்றுகொள்ளும். ஓரத்தில் மரக்கரண்டியால் ஒருமுறை சுற்றி விடுங்கள். பாத்திரத்தைவிட அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தை மேலே கவிழ்த்து, இரண்டையும் துணியோடு சேர்த்துப் பிடித்து, தயங்காமல் ஒரே வீச்சில் திருப்புங்கள். மெதுவாகத் திருப்பினால் பாதி வழியில் சோறு சரிந்து பொருக்கு முறியும். பாத்திரத்தைத் தூக்கும்போது பொருக்கு விட்டுப் பிரிகிற 'சரக்' ஒலி கேட்டால் வேலை முடிந்தது. உடனே பரிமாறுங்கள். அரை மணி நேரத்தில் சோற்றின் ஆவி பட்டுப் பொருக்கு தோல்மாதிரி ஆகிவிடும்; விருந்தாளி வந்தபின் கவிழ்ப்பதே முறை.

இதையே குக்கர் இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். கனமான அடியுள்ள ஒட்டாத சட்டி இருந்தால் கேஸ் அடுப்பிலேயே வரும். நடுத்தரத் தீயில் 7 நிமிடம், மூடியின் ஓரத்தில் ஆவி எட்டிப் பார்க்கும்வரை. பிறகு பழைய இரும்பு தோசைக்கல்லை அடுப்பில் போட்டு அதன்மேல் சட்டியை வைத்து, சின்ன பர்னரில் சிம்மில் 45 நிமிடம். தோசைக்கல் இல்லாமல் வைத்தால் தீ வளையம் விழுந்த இடம் மட்டும் கருகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்க வேண்டும். குக்கருக்கும் இதற்கும் ருசியில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் நிம்மதியில்: குக்கரை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், சட்டியை விட்டு நகர முடியாது. மாதத்தில் ஒருநாள் செய்கிறவர்களுக்குச் சட்டியே போதும் என்பது எங்கள் கருத்து.

ஈரானில் பழைய காலத்தில் ஈயம் பூசிய செம்புப் பாத்திரம்தான். நம் வீட்டுப் பரணில் ஈயம் பூசிய பித்தளைப் பானை கிடக்குமே, அதில் செய்யலாமா என்றால், செய்யலாம், எச்சரிக்கையோடு. ஈயம் பூசுவது என்று நாம் சொன்னாலும் பூசுவது வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும். பொருக்கு பிடிக்கிற சூடு அதற்குக் கீழேதான். ஆனால் வெறும் பானையைப் பெருந்தீயில் காயவைத்தால் பூச்சு உருகித் திரண்டுவிடும். எண்ணெய் விட்ட பிறகே அடுப்பை ஏற்றுங்கள், தீயைக் கூட்டவே கூட்டாதீர்கள். காருகுறிச்சி மண்சட்டி கத்தேக்கு நல்லது. பொருக்கு அதில் சட்டியோடு ஒட்டிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும், கவிழ்க்க முடியாது. பிரஷர் குக்கர் எதற்கும் ஆகாது. முக்கால் பதத்தில் வடித்த அரிசி அந்த அழுத்தத்தில் குழைந்துவிடும்.

போலோ செய்ய நினைப்பவர்களுக்கு: முதலில் 'அதஸ் போலோ'விலிருந்து ஆரம்பியுங்கள். தோலுள்ள முழு மைசூர்ப் பருப்பைத் தனியே முக்கால் வேக்காடு வேகவிட்டு, உலர் திராட்சை, நறுக்கிய பேரீச்சை, சிவக்க வதக்கிய வெங்காயம் சேர்த்து அரிசியோடு அடுக்குவது. எல்லாச் சாமானும் எந்த மளிகைக் கடையிலும் இருக்கும். 'பாகாலி போலோ'வுக்கு அகன்ற அவரையினப் பயறும் சதகுப்பைக் கீரையும் வேண்டும். தை மாதத்தில் பச்சை மொச்சையைத் தோல் பிதுக்கிப் போட்டால் பயறின் இடம் நிறைந்துவிடும். சதகுப்பைக்குக் கொத்தமல்லியைப் போடாதீர்கள். அது வேறு பண்டம் ஆகிவிடும். குக்கரோடு சேர்த்து உலர்ந்த சதகுப்பையும் ஒரு பொட்டலம் வாங்கிவரச் சொல்லுங்கள், 3 மேசைக்கரண்டி போதும். 'ஸெரெஷ்க்' என்கிற புளிப்புச் சிவப்புப் பழமும் அங்கிருந்துதான் வர வேண்டும். கல் இருக்கும், இரண்டு முறை தண்ணீரில் அலசுங்கள். நெய்யில் சர்க்கரையோடு சிறுதீயில் 1 நிமிடத்துக்குமேல் வதக்கினால் கருகிக் கசக்கும்.

வெறும் செலோவுக்கு ஈரானியர் 'கோர்மே சப்ஸி' மாதிரி கீரையும் இறைச்சியும் சேர்ந்த குழம்பு வைப்பார்கள். அதை விட்டுவிட்டு நம் சொதியை ஊற்றிப் பாருங்கள். தேங்காய்ப்பாலும் இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் இந்த நெய்ச்சோற்றில் இறங்குகிற அழகு தனி. அரிசியிலேயே உப்பு இருப்பதால் சொதிக்கு வழக்கத்தில் பாதி உப்பு. பொருக்கின் மேல் குழம்பை ஊற்றி ஊறவைத்துத் தின்பதும் ஈரானில் உண்டு; ஆனால் சொதிக்குப் பொருக்கைத் தனியே அப்பளம் மாதிரி ஓரமாக வைத்துக்கொண்டு கடிப்பதுதான் எங்களுக்குப் பிடித்தது.

இனி, வெளிநாட்டில் இருக்கிற ஆளிடம் வாங்கிவரச் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. அடியில் ஒட்டிய தகட்டில் 220 அல்லது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்பது 120 வோல்ட். இங்கே செருகினால் அந்த நிமிடமே சுருள் போய்விடும். ஈரான் பிளக்கில் உருண்டையாக இரண்டு முனைதான் இருக்கும், எர்த் இணைப்பு பக்கவாட்டுத் தகட்டில் இருக்கும். நம் சாக்கெட்டில் அது செருகிக்கொள்ளும், ஆனால் எர்த் சேராது. உலோக உடம்புள்ள குக்கரை ஈரக்கையோடு தொடுகிற சமையலறையில் இது ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கொண்டு மூன்று முனைப் பிளக் மாற்றிய பிறகே முதல் சமையல். வாட்ஸ் 1300-க்குள் இருந்தால் 6 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். 10 கப், 15 கப் பெரிய குக்கர் என்றால் தகட்டைப் பார்த்து, தேவையானால் 16 ஆம்பியரில் போடுங்கள்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு 4 கப் சரி. பெரியதை வாங்கிப் பாதி அரிசி போட்டால் பொருக்கு அகன்று மெலிந்து உடையும்.

உள்பாத்திரம்தான் இதன் உயிர். பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த பொருக்கு அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு கிழியும். எவர்சில்வர் கரண்டி, கம்பி நார், சாம்பல் எதுவும் படக் கூடாது. கவிழ்த்த பிறகு சூட்டோடு குழாய்த் தண்ணீரில் நீட்டாதீர்கள், அடி வளைந்துவிடும். வளைந்த அடி சூட்டுத் தட்டில் சமமாக உட்காராது, பொருக்கு ஒருபக்கமாகச் சிவக்கும். மாற்றுப் பாத்திரம் உள்ளூர்க் கடைகளில் கிடைப்பது சிரமம், மற்ற ரைஸ் குக்கர் பாத்திரம் இதற்கு உட்காராது. அதனால் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, பாத்திரத்தின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அதே அளவில் தனிப் பாத்திரம் விற்றால் ஒன்று கூடுதலாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.